‘உறை’ என்று யாரும் சொல்லவில்லை

எங்கள் வீட்டில் இரண்டு கால்கள் வீங்கின. ஒன்று நாகர்கோவிலில், பெரியக்காவுடையது. இன்னொன்று திருப்பூரில், தங்கையுடையது. இரண்டுமே இடது கால். பெரியக்காவின் கால் இன்றும் நடக்கிறது. சந்தைக்குப் போகிறது, ஞாயிறு பூசைக்குப் போகிறது, கொல்லையில் மேய வரும் பக்கத்து வீட்டு ஆட்டைத் துரத்துகிறது. தங்கையின் கால் இருபத்தாறு வயதோடு நின்றுவிட்டது. நடுவில் பிறந்தவள் நான். ஒரே தாயின் ரத்தம், ஒரே மாநிலம், ஒரு பகல் பஸ் தூரம். அங்கே பிழைத்தது இங்கே ஏன் பிழைக்கவில்லை? இதைக் கேட்டுக் கேட்டே எனக்கு நடுவயது வந்துவிட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள் அவை. நானும் தங்கையும் திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். வரிசையாக ஆறு வீடு, எல்லோருக்கும் ஒரு குழாய். என் கணவர் சாயப்பட்டறை வேலையாகப் பெருந்துறைப் பக்கம் தங்கியிருந்தார், வாரத்துக்கு ஒரு முறை வருவார். மற்ற நாளெல்லாம் அந்த ஒற்றை அறையில் நாங்கள் இரண்டு பேரும், அவள் வாங்கி வைத்த ரேடியோவும்தான். தெருமுனையில் பனியன் கம்பெனி. நான் செக்கிங்கில், அவள் ஓவர்லாக் தையல் மிஷினில்.

என் வேலை கண்ணால் செய்வது. தைத்து வரும் பனியனை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டுப்போன இடம் எல்லாம் தேட வேண்டும். கண்டுபிடித்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். எறும்பு கடித்த அளவு ஓட்டையைக்கூட விடமாட்டேன் என்று எனக்குப் பெயர். அவள் வேலை காலால் செய்வது. முதுகு சாய இடமில்லாத ஸ்டூல். வலது கால் பெடலில் இருக்கும். இடது கால் வேலை ஒன்றுமில்லாமல் மடங்கி ஸ்டூல் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டால் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரைக்குத்தான் எழுவது. ஓவர்லாக் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் எழுந்து போக வேண்டும், எழுந்து போக டோக்கன் வாங்க வேண்டும், டோக்கன் வைத்திருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் கொண்டுபோகும் பாட்டில் முக்கால்வாசித் தண்ணீரோடு வீட்டுக்குத் திரும்பி வரும். அதை நான் குடம் கழுவ ஊற்றிவிடுவேன். அந்தத் தண்ணீரை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அந்த வாரம் ஷிப்மெண்ட் வாரம். திங்கட்கிழமை, துணிக்கட்டுகளைத் தள்ளிக்கொண்டு போகும் தள்ளுவண்டியின் இரும்புக் கால் அவள் இடது முழங்காலுக்குக் கீழே இடித்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, தோல்கூடக் கிழியவில்லை. ஆனால் அந்த இடி எங்கள் நினைவில் இருந்தது. இருந்ததுதான் வினை.

வெள்ளிக்கிழமை காலையில் கெண்டைக்கால் உருண்டு திரண்டு பளபளவென்று இருந்தது. செருப்பின் வார் பதிந்த தடம் மறையவில்லை. தொட்டால் சூடு. வலது கால் எப்போதும்போல் மெலிந்து கிடந்தது. பெடல் மிதிக்கிற கால்தானே வீங்க வேண்டும், சும்மா இருக்கிற கால் ஏன் வீங்குகிறது என்று நான் கேட்டேன். அவள் சிரித்தாள்.

“இது மொதலாளி காலு, அக்கா. சும்மா இருந்தே பெருத்துட்டு.”

கம்பெனி முழுக்க அந்த நகைச்சுவை பரவிவிட்டது. அவள் நொண்டிக்கொண்டு வந்தால், “மொதலாளியக் கூட்டிட்டு வந்துட்டியா?” என்று பக்கத்து மிஷின்காரிகள் கேட்டார்கள். முதலாளியின் மனைவி காதுக்கும் போயிற்று. அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. நேராக மிஷினுக்கே வந்து குனிந்து காலைப் பார்த்தார். கோடு கிழித்துப் பேசுகிற ஆள் இல்லை அவர். மதியம் எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்.

“ஏன் கண்ணு, காலு இப்படி இருக்குது, சொல்லவே இல்லையே? காங்கேயத்துல எங்கப்பன் ஊட்டுச் செக்குல ஆட்டுன எண்ணெய் கெடக்குது, கொண்டாந்து தாரேன்.”

எழுதும்போது இந்த அன்பை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அது அன்புதான். சனிக்கிழமை ஒரு பாட்டில் நிறைய, தேங்காய் வாசனை மூடியைத் தாண்டி வருகிற எண்ணெய் எங்கள் வீட்டுக்கு வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கிளினிக்குக்கும் போனோம். போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வாராவாரம் சம்பளம் தருகிற நாள், அதனால் காய்ச்சல்காரர்களும் கை வெட்டுப்பட்டவர்களும் வாசல்வரை நின்றார்கள். உள்ளே வழக்கமாக இருக்கும் டாக்டர் இல்லை, அவருக்குப் பதிலாக ஒரு சின்ன வயசுப் பெண் டாக்டர். தங்கையின் இரண்டு கால்களையும் பக்கம் பக்கமாக வைத்து அளந்து பார்த்தார், பாதத்தை மேலே மடக்கினார். அவள் வலியில் என் கையைப் பிடித்தாள். டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்.

“உள்ள ரத்தக்கட்டு மாதிரி தெரியுதுங்க. கோயமுத்தூர் போயி ஒரு ஸ்கேன் பார்த்துருங்க. நாளைக்கே போயிருங்க.”

அதற்குள் அடுத்த ஆள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

வெளியே வந்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை எழுதிவிட வேண்டும். இத்தனை வருஷமாக எழுதாமல் தள்ளிவைத்தது இந்த ஒரு வரியைத்தான். ரத்தக்கட்டு! இவ்வளவுதானா! சைக்கிளில் இருந்து விழுந்தால் ரத்தம் கட்டும், கதவிடுக்கில் விரல் மாட்டினால் ரத்தம் கட்டும். நீலமாகும், பச்சையாகும், மஞ்சளாகிப் போய்விடும். உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தால், எண்ணெய் தேய்த்து உருவினால் கட்டு கரையும். தள்ளுவண்டி இடித்ததற்குக் கணக்கும் சரியாக வந்தது. கட்டு என்றால் அவிழ்க்கக்கூடியது என்றுதானே எங்களுக்கு அர்த்தம். இதற்குப் போய் யாராவது கோயமுத்தூரில் ஸ்கேன் எடுப்பார்களா? ஷிப்மெண்ட் புதன்கிழமை முடிகிறது, வியாழக்கிழமை போகலாம் என்றேன். அவளும் சரி என்றாள். மருந்துச் சீட்டில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை நாங்கள் படிக்கவில்லை. படித்தாலும் தெரிந்திருக்காது.

வழியில் போன் பூத் இருந்தது. பெரியக்காவிடம் பேசிவிட்டு வரலாமா என்று தங்கை கேட்டாள்.

“ரத்தக்கட்டுக்கெல்லாம் எதுக்குப் போனு? அம்மா பயந்துபோயிருவா” என்றேன்.

எங்கள் வீட்டு வழக்கம் அது. தூரத்தில் இருப்பவர்களுக்கு நோயைச் சொல்வதில்லை, நோய் தீர்ந்த பிறகுதான் சொல்வது. பெரியக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த பத்தாம் நாள் கால் வீங்கியபோதும் அப்படித்தான் நடந்தது. பூத்தில் வரிசையில் நின்று நாங்கள் போன் செய்தபோது அம்மா சொன்னது ஒரே வாக்கியம்: காலில் கொஞ்சம் வீக்கம் இருந்தது, இப்போ சரியாகப் போச்சு. நடுவில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் அந்த ஒரு வாக்கியத்துக்குள் மடங்கிப் போய்விட்டன. சரியாகப் போச்சு என்று நாங்களும் சந்தோஷமாகச் சட்னிக்குத் தேங்காய் துருவப் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை. அவள் பாயில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். காலையில் உப்பு வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தேன். மத்தியானம் காங்கேயத்து எண்ணெயைக் கரண்டியில் சூடாக்கினேன். எப்படித் தேய்க்க வேண்டும் என்பதைப் பாட்டிலோடு சேர்த்தே முதலாளியின் மனைவி சொல்லியிருந்தார்: கீழிருந்து மேலே உருவ வேண்டும், அப்போதுதான் கட்டு கலையும். கணுக்காலில் இரண்டு கையையும் கோத்துப் பிடித்து, முழங்கால்வரை, பிறகு முழங்காலைத் தாண்டி, கட்டைவிரலை அழுத்தி அழுத்தி உருவினேன். எதிர்த்த வீட்டு ரேடியோவில் ஏதோ பாட்டு. அவள் முதலில் முனகினாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

“நல்லா இருக்குக்கா. இன்னும் கொஞ்சம்.”

இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். அவள் கேட்டதால் தேய்த்தேன் என்று என்னிடமே சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் காதுக்கே உதவாத வாக்கியம் அது.

சாயங்காலம் வீக்கம் கொஞ்சம் வற்றியதுபோல் இருந்தது. உண்மையிலேயே வற்றியதோ, எண்ணெய் மினுக்கத்தில் எனக்கு அப்படித் தெரிந்ததோ. “மொதலாளி இளைச்சுட்டாரு” என்று அவள் சொன்னாள். இருவரும் சிரித்தோம்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குக் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. நாலு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர், யாரும் விடமாட்டார்கள். நான் இரண்டாவது குடத்தோடு வாசலுக்கு வந்தபோது அவள் தானாகவே எழுந்து நின்றுகொண்டிருந்தாள். பார்த்தியா, நிக்கேன் என்பதுபோல ஒரு பார்வை. இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவதை வைக்கவில்லை. கை நெஞ்சுக்குப் போயிற்று.

“அக்கா, மூச்சு...”

அவ்வளவுதான். குடம் எங்கே போயிற்று என்று தெரியாது. ஆட்டோவில் என் மடியில் தலை, பக்கத்து வீட்டுப் பெண்ணின் மடியில் கால். அந்தப் பெண் அப்போதும் பாதத்தைச் சூடேற்றத் தேய்த்துக்கொண்டே வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை.

இதய நோய் இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். காரணம் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் அறுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று காலில் விழுந்தேன். அவள் உடம்பில் கத்தி படக்கூடாது என்பது மட்டும்தான் அப்போது எனக்கு முக்கியமாக இருந்தது. சேதி கேட்டு ஓடிவந்த கம்பெனி சூப்பர்வைசரும் எனக்காகக் கெஞ்சினார். யாரோ இரக்கப்பட்டார்கள். காகிதத்தில் மாரடைப்பு என்று எழுதினார்கள். பிறகு நகராட்சிப் பதிவேட்டிலும் அதே சொல் ஏறியது. “இப்பெல்லாம் சின்ன வயசுலயே வருதுங்க” என்று சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். ஆமாங்க என்றேன். எனக்கும் அது ஒரு பதிலாக இருந்தது.

நாகர்கோவிலுக்கு, எங்கள் ஊருக்குக் கொண்டுபோனோம். மறுநாள் காலையில் குளிப்பாட்டினார்கள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் இறந்தவர்களுக்கு வெள்ளை உடுத்தி, கைக்கு வெள்ளை உறை, காலுக்கு வெள்ளைச் சாக்ஸ் போடுவார்கள். அறைக்குள் பெரியக்காவும் நானும் மட்டும் இருந்தோம். வலது காலுக்குச் சாக்ஸ் போயிற்று. இடது காலுக்குப் போகவில்லை. கணுக்காலைத் தாண்ட மாட்டேன் என்றது. பெரியக்கா இழுத்தாள், மறுபடி இழுத்தாள், பிறகு அப்படியே நிறுத்தினாள். பாவாடையை முழங்கால்வரை தூக்கிப் பார்த்தாள்.

“ஏட்டி, இந்தக் காலு எப்ப வீங்குனது?”

“வெள்ளிக்கிழமை.”

“டாக்டர் என்ன சொன்னாவ?”

“ரத்தக்கட்டுன்னாவ.”

“உறைன்னு சொல்லலியா?”

எனக்கு அந்தச் சொல் புரியவில்லை. அவள் என் கையைப் பார்த்தாள். இரண்டு நாளாகியும் என் நகக்கண்ணில் தேங்காய் எண்ணெய் வாசனை போகவில்லை என்று எனக்குத் தோன்றியது.

“தேச்சியா?”

தலையாட்டினேன்.

பெரியக்கா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். வெளியே செபமாலை சொல்லும் சத்தம். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, சாக்ஸின் பின்பக்கத்தை மேலிருந்து கீழே கீறினாள். வீங்கிய காலின்மேல் அதை வைத்து, கீறல் அடிப்பக்கம் மறையும்படி இழுத்துவிட்டாள். முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கதவைத் திறந்தாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள்தான் அவள் அதைச் சொன்னாள், மீன் கழுவுகிற இடத்தில் குந்தியபடி. அவள் கால் வீங்கியபோது பார்த்த டாக்டர் ரத்தக்கட்டு என்று சொல்லவில்லையாம். ரத்தம் உறைந்துபோயிருக்கு என்றாராம். அவளுக்குப் புரியவில்லை என்று கண்டு, வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுவாய் அல்லவா என்று கேட்டிருக்கிறார். உறைந்த தயிர்ச் சட்டியைக் குலுக்கினால் என்ன ஆகும்? உடைந்து கட்டிகட்டியாக மிதக்கும். காலில் இருப்பதும் அப்படித்தான், குலுக்கினால் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு நேரே நெஞ்சுக்குப் போய் அடைத்துவிடும். அதனால் தேய்க்காதே, உருவாதே, யாரையும் தொடவிடாதே. அம்மா அந்தக் கட்டிலைச் சுற்றிக் காவல் இருந்தாளாம். நலம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்களின் கையைத் தட்டிவிட்டாளாம். ரத்தம் மேலும் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போட்டார்கள், மாத்திரை தந்தார்கள், பெரியக்கா எழுந்து நடந்தாள்.

தயிர். அங்கே ஒரு டாக்டருக்குத் தயிர் ஞாபகம் வந்தது, அதற்கு நேரமும் இருந்தது. இங்கேயும் ஒரு டாக்டர் சரியாகத்தான் கண்டுபிடித்தார், போகவேண்டிய ஊரைக்கூடச் சொன்னார். அவர் சொன்ன சொல்லைத்தான் நாங்கள் வேறு அர்த்தத்தில் பிடித்துக்கொண்டோம். உறை என்று கேட்டிருந்தால் பயந்திருப்பேன். கட்டு என்றதும் அவிழ்க்க உட்கார்ந்துவிட்டேன்.

பெரியக்கா கடைசியாகச் சொன்னது: “நான் போன்ல ஒரு வார்த்தை சொல்லிருக்கணும் மக்கா.” சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. தேய்த்தவள் நான், சொல்லாதவள் அவள். அன்றிலிருந்து ஆறு வருஷம் நாங்கள் போனில் மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசினோம். தங்கை பெயர் வரும் இடத்தில் இருவரும் மூச்சை இழுத்துக்கொண்டு தாண்டிவிடுவோம்.

திருப்பூரில் நான் தொடர்ந்து செக்கிங்கில் இருந்தேன். ட்யூப்லைட்டுக்குக் கீழே பனியன் விரியும்போதெல்லாம் ஒரு இடது காலும் விரியும். அந்தச் சிவப்பு அம்புக்குறியை எங்கே ஒட்டுவது?

அந்தப் பத்தாண்டின் கடைசியில் எனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. தங்கை போகவேண்டியிருந்த அதே கோயமுத்தூருக்கு நான் பஸ்ஸில் போய் இறங்கினேன். இவ்வளவு பக்கம் என்பதே என்னால் தாங்க முடியாததாக இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ஒரு டாக்டர் அம்மா கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டார். சுகர், பிரஷர், வலிப்பு. வீட்டில் யாருக்காவது இதய நோய் உண்டா? தங்கை மாரடைப்பில் இறந்தாள் என்று சொல்ல வாய் எடுத்தேன். காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வாய் வேறு சொல்லிற்று.

“ரத்தக்கட்டுங்க. அக்காவுக்கும் தங்கச்சிக்கும்.”

“அடிபட்டதுங்களா?” என்றார் டாக்டர் அம்மா, எழுதுவதை நிறுத்தாமல்.

அந்தச் சொல்லை அவரும் என்னைப்போலவேதான் புரிந்துகொண்டார். அந்த நொடியில் எனக்குள் ஏதோ ஒன்று இளகியது. இல்லீங்க, உறை என்றேன். ரத்தம் உறைஞ்சு போச்சுங்க. ஒருத்தி நாகர்கோவிலில் பிழைத்தாள், ஒருத்தி இங்கே செத்தாள், நான் தேய்த்துவிட்டேன். முதன்முதலாக வெளியாள் ஒருவரிடம் சொன்னேன். டாக்டர் அம்மா பேனாவை மூடி வைத்தார். முழுக்கக் கேட்டார். தேய்க்காவிட்டாலும் நடந்திருக்கலாம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதை ஆறுதலுக்காகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. பிறகு அவர் சொன்னது:

“ஒரே நாடுதாங்க. ஆனா கணக்குல இந்தச் சாவு ஒரு பக்கம் அதிகமாத் தெரியும், ஒரு பக்கம் கம்மியாத் தெரியும். கம்மின்னா சாகலைன்னு அர்த்தமில்லீங்க. அந்தப் பேருல எழுதலைன்னும் இருக்கும்.”

என் தங்கை அந்தக் குறைவில் இருக்கிறாள். எங்கோ யாரோ கூட்டிப் பார்த்தால் இந்தப் பக்கம் கால் வீங்கிச் செத்தவர்களில் ஒன்று குறையும், நெஞ்சு நின்று செத்தவர்களில் ஒன்று கூடும். அறுக்காதீங்க என்று காலில் விழுந்து அதைக் குறைத்தவள் நான்.

அன்று மாலையே பெரியக்காவுக்குப் போன் செய்தேன். நோய் தீர்வதற்கு முன்பாகவே, எங்கள் வீட்டில் முதல் தடவையாக. எனக்கு ஆபரேஷன், நமக்கு ரத்தம் உறைகிற உடம்பு, டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டாள். மறுநாள் விடிந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் துணிப்பையோடு நின்றாள்.

நர்ஸ் ஒரு ஜோடி நீளமான வெள்ளைச் சாக்ஸைக் கொண்டு வந்தாள். இறுக்கமானது, காலில் ரத்தம் தேங்காமல் இருக்கப் போடுவது. அதைப் பார்த்ததும் பெரியக்காவின் முகம் எப்படிப் போயிற்று என்று நான் பார்த்தேன், என் முகத்தை அவள் பார்த்தாள். நர்ஸிடமிருந்து அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். வலது காலுக்கு முதலில் போட்டாள். இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். அமுக்கிவிடத்தான் கை முதலில் போயிற்று. கெண்டைக்காலுக்கு ஒரு விரற்கடை மேலே வந்து அப்படியே நின்றது. விரலைச் சுருட்டிக்கொண்டாள். பிறகு சாக்ஸின் வாயை விரித்துப் பாதத்தில் மாட்டி, கணுக்காலில் நிறுத்தி, நிமிர்ந்து என்னைக் கேட்டாள்.

“போவுதாட்டி?”

கணுக்காலைத் தாண்டி மேலே ஏறியது.

“போவுதுக்கா” என்றேன்.